சிறுவர்க்குப் பரிசளிக்கும் முறை

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில், மாணவர் போட்டிகள் முடிந்து பரிசு வழங்குவதற்கு முன்னர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று காலை முதல் இம்மண்டபத்தில் நம் பிள்ளைகளின் பேச்சுப் போட்டியும், மனப்பாடப் போட்டியும், கட்டுரைப் போட்டியும், பக்கத்துத் திடலில் ஓட்டப் பந்தயமும் இனிது நடைபெற்றன. பரிசு வழங்குமுன் சிறுவர்க்குப் பரிசளிக்கும் முறை பற்றிச் சில கூறுமாறு நம் காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். இப்பொருளை அவர்கள் தேர்ந்தெடுத்ததன் காரணம் உங்களிற் பலர்க்குத் தெரிந்ததே. நம் நிர்வாக சபையில் சில திங்களாக ஒரு வழக்கு நடந்து வருகின்றது. போட்டியிற் கலந்துகொண்ட குழந்தை எதுவாயினும் அதற்கு ஒரு கோப்பை தருதல் வேண்டும் என்பர் ஒரு சாரார். முதல் மூவர்க்கன்றிப் பிறர்க்குப் பரிசு எற்றுக்கு என்பர் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் என் மதிப்பிற்குரியோர். இரு திறத்திலும் எனக்கு உறவினர் உளர். ஆதலின், யான் நடுவுநிலை தவறின், இன்றிரவு உணவுக்கு எவர் வீட்டிற்கும் செல்ல இயலாத நிலை எனக்கு நேரும் என்பதை அறிந்தே பேசத் தொடங்குகின்றேன்.

முதற்கண் அனைவர்க்கும் வேண்டும் என்பாரின் கருத்தை ஆராய்வோம். அவர்கள் கூறுவது இரக்கத்தின்பாற்பட்டது. ஆறு வயதுக் குழந்தை ஒன்று புத்தாடை உடுத்து, நெஞ்சு படபடக்க மேடையேறி, நாலு சொற் சொல்லி இறங்குகின்றது. மாலையில் மூவரை மட்டும் அழைத்துப் பரிசளித்தால், அது தன் தாயின் முகத்தை நோக்குகின்றது; தாய் பேசாதிருக்கின்றாள். அடுத்த ஆண்டு அக்குழந்தை மேடைப்பக்கம் வருவதில்லை. ஒரு கோப்பையால் அவ்வருத்தம் நீங்குமாயின் அதனைத் தருவதில் நமக்கென்ன குறை என்று அவர்கள் வினவுகின்றனர். மேலும், இஃது இக்காலத்தார் புதிதாகக் கண்ட வழக்கமும் அன்று. 1896-ஆம் ஆண்டு ஆதென்சு நகரில் புத்துயிர் பெற்ற ஒலிம்பிக் விளையாட்டில், வென்றார்க்குப் பதக்கம் அளித்ததோடு, கலந்துகொண்டார்க்கு ஒரு நினைவுப் பதக்கமும் அளித்தனர். அவ்வழக்கம் இன்றும் உண்டு.

இனி, மூவர்க்கே என்பாரின் கருத்து. தகுதியின்றி வந்த பொருளைக் குழந்தை மதியாது. உழைப்பினும் உழைப்பின்மையினும் ஒரே பயன் கிட்டுமாயின் உழைப்பார் எவர். வாழ்க்கை நாளை அனைவர்க்கும் கோப்பை தருமோ என்பன அவர் வினாக்கள். 2015-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜேம்ஸ் ஹாரிசன் என்பார், எட்டு வயதும் ஆறு வயதும் உடைய தம் மக்கள் இருவர்க்கும் வெறுமனே கலந்துகொண்டமைக்காக அளிக்கப்பெற்ற கோப்பைகளைத் திருப்பியனுப்பப் போவதாக அறிவித்தார். மெய்யாகவே ஈட்டிய பரிசே தம் மக்கட்கு வேண்டும் என்றார். அந்நாடெங்கும் அது பெரும் விவாதமாயிற்று. அவரைப் புகழ்ந்தாரும் உண்டு; பிள்ளைகளின் கையிலிருந்ததைப் பறித்தது தகுமோ என இகழ்ந்தாரும் உண்டு.

நிற்க. இவ்விரு கட்சியுள் யான் எதனைச் சார்ந்தவன் என்று கேட்பீர்கள். மூன்று ஆண்டுகட்கு முன் நிகழ்ந்த ஒரு செய்தியை முதலிற் கூறிவிடுகின்றேன். அது என் பிழையைப் பற்றியது.

அவ்வாண்டு விழாவில் அனைவர்க்கும் கோப்பை தருவது என்று முடிவு செய்தோம். அதனை முன்மொழிந்தவன் யானே. அறுபத்து நான்கு பிள்ளைகள். அறுபத்து நான்கு கோப்பைகள். பொன்வண்ணம் பூசிய பிளாஸ்டிக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் குழந்தையின் பெயரெழுதிய சீட்டு. மாலையில் ஒவ்வொருவராக அழைத்தோம், கொடுத்தோம், பெற்றோர் கைப்பேசியிற் படம் பிடித்தனர். எவர் முகத்திலும் வாட்டமில்லை என்று எண்ணி மனநிறைவடைந்தேன்.

கூட்டம் கலைந்தபின் மண்டபத்தைப் பெருக்கிய அம்மையார், நாற்காலியின் கீழ்க் கிடந்ததென்று ஒரு கோப்பையை என்னிடம் தந்தார். அதில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெயர் இருந்தது. மறந்து சென்றாள் போலும் எனக் கருதி மறுநாள் அவள் இல்லம் சென்றேன். அவள் தந்தையார், "வாத்தியாரையா, வாருங்கள்" என்று வரவேற்றுத் திண்ணையில் அமர்த்தினார். சிறுமி கதவின் பின்னே நின்றாள். கோப்பையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. தந்தையார் கடிந்துகொண்டார். அப்போது அவள் மெல்லச் சொன்னாள்: "ஐயா, நான் பாட்டைப் பாதியில் மறந்துவிட்டேன். நீங்கள் கேட்டுக்கொண்டு இருக்கவில்லையா?"

அன்பர்களே! அவ்வினாவிற்கு என்னிடம் விடை இல்லை. என்னை? மெய்யாகவே யான் கேட்கவில்லை. அவள் மேடையில் நின்ற நேரத்தில், கோப்பைகள் அறுபத்து மூன்றா அறுபத்து நான்கா என்று பின்கட்டில் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு அடிப் பாடலில் எட்டு அடி சொல்லி, ஒன்பதாவது அடி வராமல், முன்வரிசையிலிருந்த தாய் வாயசைத்தும் பயனின்றி, அழுகையை அடக்கிக்கொண்டு அவள் இறங்கினாள் என்பது அத்திண்ணையில் அமர்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் கொடுத்த கோப்பை, நீ தவறியதும் எமக்குத் தெரியாது, எட்டு அடி பிழையின்றிச் சொன்னதும் எமக்குத் தெரியாது என்று அவளுக்குச் சொல்லிவிட்டது.

அந்நாள் முதல் இப்பொருளை வேறு வகையாகச் சிந்திக்கலானேன். தமிழ் படித்தவன் ஆதலின் என் சிந்தனை புறநானூற்றின்பாற் சென்றது. பரிசில் பெறுதலையும் தருதலையும் பற்றி நம் சங்கப் புலவர்களினும் மிகுதியாக எண்ணினார் எவர்?

பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடி மலைபல கடந்து சென்றார். அம்மன்னன் அவரை நேரிற் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். வறுமையுற்ற புலவர் அதனைப் பெற்றுக்கொண்டு போயிருக்கலாம். அவரோ மறுத்துவிட்டார். காணாது தந்த பொருளைக் கொண்டு செல்லத் தாம் வாணிகம் செய்வார் அல்லர் என்றும், தம் கல்வியின் அளவை அறிந்து தருவதாயின் அது மிகச் சிறிதே ஆயினும் தமக்கு இனிது என்றும் கூறினார். அப்பெரும்புலவர் அதியமானிடம் கூறியதையே, அவர் பெயரும் அறியாத பத்து வயதுச் சிறுமி என்னிடம் கூறினாள் என்று எனக்குத் தோன்றியது.

கபிலர் மலையமான் திருமுடிக்காரிக்குக் கூறிய அறிவுரையும் இத்தகையதே. நாற்றிசையினின்றும் பரிசிலர் வருவர். அவர்க்கு ஈதல் எளிது. அவரவர் தகுதியை உணர்தலே அரிது. ஆதலின் புலவர் அனைவரையும் ஒருபடித்தாக நோக்குதலை ஒழிக என்பது அவர் கருத்து. தகுதியறிதலை வரிசையறிதல் என்பது பண்டை வழக்கு. இக்காலத்தில் வரிசை என்றவுடன் நமக்கு நியாயவிலைக் கடையின் முன் நிற்கும் நிரலே நினைவிற்கு வருகின்றது. பண்டை நாளில் அச்சொல் ஒருவனுக்குரிய சிறப்பைக் குறித்தது. சீர்வரிசை என்னும் சொல்லில் அப்பொருள் இன்னும் எஞ்சி நிற்கின்றது.

இவ்விடத்தில் மூவர்க்கே என்னும் கட்சியார், புலவர் எம்மோடு நிற்கின்றார் எனக் களிப்புறலாம். அவர்கள் சற்றுப் பொறுத்தல் வேண்டும். வெண்ணிப் பறந்தலையில் கரிகாற் பெருவளத்தானுக்கும் சேரமான் பெருஞ்சேரலாதனுக்கும் போர் மூண்டது. கரிகாலன் வென்றான். சேரலாதன் முதுகிற் புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். அவ்வூரினரான குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனை விளித்தே, அவனினும் தோற்றவன் நல்லவன் அல்லனோ என்னும் பொருள்படப் பாடினார். வெற்றியை அவர் மறுக்கவில்லை. வென்றவன் கரிகாலன் என்பதை ஒப்பினார். எனினும் தோற்றவனிடத்தில் விளங்கிய மானவுணர்வைக் கண்டு, அதற்குரிய சிறப்பைத் தந்தார். முதல் மூவரின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு எஞ்சியோரை நோக்காது செல்லும் நடுவரும் வரிசையறிந்தவர் ஆகார்.

அயல்நாட்டிலும் இதற்கு நிகரான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் நெடுந்தொலை ஓட்டமாகிய மாரத்தானில், இத்தாலி நாட்டு டொராண்டோ பியெட்ரி என்பார் முதல்வராக அரங்கினுள் நுழைந்தார். களைப்பு மேலிட்டமையால் திசை தவறினார், பன்முறை வீழ்ந்தார். அருகிலிருந்த அலுவலர் அவரைத் தாங்கி எல்லையைக் கடப்பித்தனர். பிறர் உதவியைப் பெற்றமையால் அவர் நீக்கப்பட்டு, அமெரிக்க நாட்டு ஜான் ஹேய்ஸ் வென்றவராக அறிவிக்கப்பெற்றார். மறுநாள் அலெக்சாந்திரா அரசியார் டொராண்டோவிற்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கோப்பை ஒன்றைத் தம் கையால் அளித்தார். கருதுமின்! வெற்றிப் பதக்கம் ஹேய்சுக்கே உரியதாயிற்று, விதி தளரவில்லை. ஆயினும் வீழ்ந்து வீழ்ந்து எழுந்தவனின் முயற்சியை அரங்கிலிருந்தோர் கண்டனர். கண்டமையின் சிறப்புச் செய்யப்பெற்றது. ஓடிய அனைவர்க்கும் அதே கோப்பையைத் தந்திருந்தால் டொராண்டோவிற்கு அதனால் ஆவதென்ன?

தென்னாப்பிரிக்காவில் 1921-ஆம் ஆண்டு தொடங்கிய காம்ரேட்ஸ் என்னும் ஓட்டத்தையும் கூறலாம். ஏறத்தாழ 90 கிலோமீட்டர்த் தொலைவை 12 மணி நேரத்திற்குள் ஓடி முடிப்பார் எவராயினும் அவர்க்குப் பதக்கம் உண்டு. ஒரு நொடி பிந்தினாலும் இல்லை. இது வந்ததற்குத் தரும் பரிசன்று, முடித்ததற்குத் தருவது. பல்லாயிரவர் பெற்றும் அப்பதக்கத்தின் மதிப்புக் குன்றவில்லை. எனவே, பலர்க்குக் கொடுப்பதனாலேயே பரிசு மலிவடையும் என்பதும் பொருந்தாது. எதற்காகக் கொடுக்கின்றோம் என்பது பெறுவார்க்கு விளங்குதல் வேண்டும், அவ்வளவே.

இனி, குழந்தைகளின் உள்ளத்தை ஆராய்ந்த அறிஞர் கூறுவனவற்றுள் மூன்றனை மட்டும் சுருக்கிக் கூறுவேன். 1973-ஆம் ஆண்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பாலர் பள்ளியில், வண்ணக்கோல் கொண்டு படம் வரைதலில் விருப்பமுடைய 51 குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வை வெளியிட்டனர். ஒரு பிரிவினர்க்கு, வரைந்தால் பொன்விண்மீனும் நாடாவும் ஒட்டிய நற்சான்று தருவோம் என்று முன்னரே கூறினர். இன்னொரு பிரிவினர்க்கு முன்கூட்டிச் சொல்லாமல் வரைந்தபின் தந்தனர். மூன்றாம் பிரிவினர்க்கு எதுவும் தரவில்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, குழந்தைகள் தாமே விரும்பி எவ்வளவு நேரம் வரைகின்றனர் என்று மறைவிலிருந்து கணக்கிட்டனர். எதுவும் பெறாதாரும், எதிர்பாராது பெற்றாரும் ஏறத்தாழ நூற்றுக்கு 17, 18 பங்கு நேரம் வரைந்தனர். சொல்லிக் கொடுக்கப்பெற்றவரோ 9 பங்கு நேரமே வரைந்தனர். தாமே விரும்பிச் செய்த விளையாட்டு அவர்க்குக் கூலி வேலையாக மாறிவிட்டது. வாருங்கள், வந்தவர்க்கெல்லாம் கோப்பை உண்டு என்று நாம் அழைப்பிதழில் அச்சிடுவதைப் பற்றி இங்கு எண்ணிப் பார்த்தல் நலம்.

1998-ஆம் ஆண்டில் முல்லர், டுவெக் என்னும் அம்மையார் இருவர் வெளியிட்ட ஆய்வில், நீ அறிவாளி என்று புகழப்பெற்ற சிறுவர், பின்னர்க் கடினமான புதிர்களில் தவறியபோது ஊக்கம் இழந்தனர். நீ நன்கு முயன்றாய் என்று கூறப்பெற்றவர் விடாது முயன்றனர். 2014-ஆம் ஆண்டில் புரும்மல்மன் என்பார் குழுவினர் நெதர்லாந்து நாட்டில் செய்த ஆய்வில், தம்மைத் தாழ்வாக மதிக்கும் குழந்தைகள் வரைந்த படத்தை மிகைபடப் புகழ்ந்தபோது, அவர்கள் அடுத்து எளிய படங்களையே தேர்ந்தெடுத்தனர், கடினமானவற்றிற்கு அஞ்சினர். மிகைப் புகழ் ஊக்கம் தருவதற்கு மாறாகச் சுமையாயிற்று. எந்தக் குழந்தையின் மனத்தைத் தேற்றவேண்டி நாம் கோப்பை தருகின்றோமோ, அந்தக் குழந்தைக்கே பொருளற்ற புகழ் தீங்காகின்றது என்பதை இதனால் அறிகின்றோம்.

அவ்வாறாயின் யாது செய்தல் வேண்டும்? நம் சபையோர் ஆராய்தற்பொருட்டு ஐந்து விண்ணப்பங்களை முன்வைக்கின்றேன்.

முதலாவது: ஏழு வயதிற்குட்பட்ட குழந்தைகட்குப் போட்டியே வேண்டா. அவர்கள் பாடட்டும், ஆடட்டும், ஓடட்டும். முடிவில் அனைவர்க்கும் ஒரே வகையான இனிப்பும் படநூலும் தருவோம். அதனைப் பரிசு என்னாது அன்பளிப்பு என்போம். பந்தியில் அமர்ந்த அனைவர்க்கும் ஒரே இலை இடுதல் நம் வழக்கமன்றோ? விருந்தில் வேறுபாடு காட்டல் பழி.

இரண்டாவது: அதற்கு மேற்பட்டார் போட்டியில் முதல் மூன்று பரிசுகள் என்றும் போல் இருத்தல் வேண்டும். நன்கு செய்தவனை நன்கு செய்தான் என்று ஊரறியக் கூறக் கூசுதல் இரக்கமன்று. இரவெல்லாம் விழித்துப் பயின்ற பிள்ளைக்கு அஃது அநீதியாகும்.

மூன்றாவது: போட்டியிற் கலந்துகொண்ட ஒவ்வொரு குழந்தைக்கும், நடுவர் தம் கைப்பட இரண்டு வரி எழுதித் தருதல் வேண்டும். ஒரு வரி, இக்குழந்தை நன்கு செய்தது யாது என்பது. மற்றொரு வரி, திருத்திக்கொள்ள வேண்டியது யாது என்பது. அச்சிட்ட பாராட்டுரை உதவாது. அதனை ஒரு நல்ல நூலின் முதற்பக்கத்தில் எழுதித் தருவோமாயின் இன்னும் சிறப்பு. கோப்பைக்கு ஆகும் செலவில் அத்தகைய நூல் வாங்கலாம்.

இதற்கு இடையூறு ஒன்றுண்டு. அதனை மறைத்தல் கூடாது. இரண்டு நடுவர் அறுபது பிள்ளைகளை இவ்வாறு நோக்குதல் இயலாது. பதினைந்து பிள்ளைகட்கு ஒருவராவது வேண்டும். நம்மிடையே ஆசிரியர்களும், வழக்கறிஞர்களும், ஓய்வு பெற்ற அலுவலர்களும், கற்ற தாய்மார்களும் பலர் உளர். பிள்ளைகளை மேடைக்கு அனுப்பிவிட்டு வாயிலில் நின்று ஊர்க்கதை பேசும் நாம் உள்ளே வந்து அமர்தல் வேண்டும். கோப்பை தருவதற்குப் பணம் போதும். இதற்கு நம் நேரம் வேண்டும். அனைவர்க்கும் ஒரே கோப்பை என்பதும், மூவர்க்கு மட்டும் என்பதும் நம் நேரத்தை மிச்சப்படுத்தும் இருவழிகளே என்பது என் கருத்து.

நான்காவது: சென்ற ஆண்டினும் இவ்வாண்டு மிகுதியும் முன்னேறிய பிள்ளைக்கு ஒரு தனிப்பரிசு ஏற்படுத்தல் வேண்டும். தந்தை தாயர் கற்றவராய், தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட வல்லவராய் உள்ள வீட்டுப் பிள்ளையும், குடும்பத்தில் முதன்முதல் பள்ளி சென்ற பிள்ளையும் நம்மிடையே ஒரே மேடையில் ஏறுகின்றனர். இருவரும் ஓடத் தொடங்கிய இடம் ஒன்றன்று. கடந்த தொலைவை அளக்க வேண்டுமாயின் ஒரு பதிவேடு வேண்டும். அதனை எழுதிக் காக்கும் பொறுப்பை யான் ஏற்றுக்கொள்கின்றேன்.

ஐந்தாவது விண்ணப்பம் தாய்மார்கட்கும் தந்தைமார்கட்கும் உரியது. வீடு திரும்பியதும், பெரியப்பா மகன் பரிசு வாங்கினானே, நீ ஏன் வாங்கவில்லை என்று கேளாதீர்கள். என் பிள்ளைதான் எல்லாரினும் நன்றாகப் பேசினான், நடுவர்தாம் தவறினார் என்றும் கூறாதீர்கள். நீ பேசியதை நான் கேட்டேன் என்று தொடங்குங்கள், கேட்டதைச் சொல்லுங்கள். அதற்கு முதலில், அவர்கள் பேசும்போது கைப்பேசியை மடியில் வைத்துக் கேட்டல் வேண்டும்.

அச்சிறுமியின் செய்தியை முடித்துவிடுகின்றேன். அன்று அத்திண்ணையில், "அம்மா, நான் கேட்கவில்லை, தவறு என்னுடையது. இப்போது சொல், கேட்கின்றேன்" என்றேன். அவள் பதினாறு அடியும் சொன்னாள். ஒன்பதாம் அடியில் மட்டும் சற்று நின்று தொடர்ந்தாள். அவ்வடியின் எதுகை முன்னடியோடு எவ்வாறு இயைகின்றது என்று காட்டி, அதனைப் பற்றிக்கொண்டால் மறவாய் என்றேன். மறுமுறை தங்கு தடையின்றிச் சொன்னாள். கோப்பையை மட்டும் அவள் பெற்றுக்கொள்ளவில்லை. அஃது இன்றும் என் இல்லத்து அலமாரியில் இருக்கின்றது.

அதற்குப்பின் இரண்டு ஆண்டுகள் அவள் நம் போட்டிகளில் கலந்துகொள்ளவில்லை. அவள் தம்பியையும் அனுப்பவில்லை. ஒரு குழந்தையின் மனம் நம்மை விட்டு விலகியதற்கு யான் காரணமானேன் என்னும் வருத்தம் எனக்கு இருந்தது. இன்று காலை அவள் மீண்டும் மேடையேறினாள். எவள் என்று சுட்டமாட்டேன்; நீங்களும் தேடாதீர்கள். அவள் முதல் மூவருள் இல்லை. அதனைச் சொல்லி ஆறுதற்பரிசு தாருங்கள் என்று கேட்க யான் எழவில்லை. மனப்பாடப் போட்டிக்கு மட்டும், ஒரு முன்னோட்டமாக, நடுவர் நால்வரை வேண்டி, ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வரி எழுதித் தருமாறு கேட்டிருந்தேன். அவர்கள் அன்புகூர்ந்து எழுதித் தந்துள்ளனர். அத்தாள்கள் இதோ என் கையில் உள்ளன. பரிசளிப்பு முடிந்தபின் பிள்ளைகள் இவற்றைப் பெற்றுக்கொண்டு செல்லலாம். அவற்றை வாசிக்கும் அவர்கள் முகத்தை நோக்கிய பின்னர், நம் நிர்வாக சபையார் அடுத்த ஆண்டைக்குரிய தீர்மானத்தைச் செய்வார்களாக.